லினக்ஸுக்கு வணிக செஸ் மென்பொருள்: மனு போட்டா நடக்குமா?

யானைமுனை (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிஞ்சுபோச்சு. என் மடிக்கணினி விண்டோஸ் 11-க்குத் தகுதி இல்லையாம். நல்லா ஓடுற பெட்டியைத் தூக்கிப் போட மனசு வரல, லினக்ஸ் மின்ட் போட்டுட்டேன். உலாவி, ஆபீஸ், பிரிண்டர் எல்லாம் எந்த வம்பும் இல்லாம ஓடுது. பாக்கி ஒண்ணே ஒண்ணு, காசு கொடுத்து வாங்கி வச்சிருக்கிற செஸ் டேட்டாபேஸ் மென்பொருள். அது விண்டோஸுக்கு மட்டும்தான்.

நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். லினக்ஸ் பதிப்புக்குத் திட்டம் இல்லை, வேணும்னா விர்ச்சுவல் மெஷின்ல போட்டுக்கோங்கன்னு ரெண்டு வரியில பதில் வந்துச்சு.

இங்க நிறைய பேர் லினக்ஸ் வச்சிருக்கீங்க. எல்லாரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு மனு அனுப்பினா அசைவாங்களா? இல்ல வீண் வேலையா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

டெர்மினல்தாசன்

எதுக்குங்க காசு? உலகத்துலயே பலமான இன்ஜின் (நகர்வைக் கணக்குப் போடுற நிரல்) ஸ்டாக்ஃபிஷ், அது கட்டற்ற மென்பொருள். ஒரே கட்டளையில இறங்கிடும். அடுத்து லீலா இருக்கு. பலகைக்கு பைசெஸ், கியூட் செஸ், என் குரோசான். டேட்டாபேஸுக்கு ஸ்கிட், செஸ்-எக்ஸ். கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலையாதீங்க.

யானைமுனை

தாசன், நான் கேக்கிறது இன்ஜின் இல்லை. ஸ்டாக்ஃபிஷ் என்கிட்டயும் இருக்கு, அதுக்கு மேல பலம் எனக்கு எதுக்கு?

நான் வேலை பாக்கிற விதத்தைச் சொல்றேன். போட்டியில அடுத்த சுற்றுக்கான ஜோடிப் பட்டியல் ராத்திரிதான் வரும். எதிராளி பேரைத் தட்டினா அவர் கறுப்புல ஆடின ஆட்டங்கள் மட்டும் தனியா வந்து நிக்கணும். ராஜா சிப்பாய்க்கு என்ன பதில் ஆடுறார், கரோ-கானை எப்போ விட்டுட்டு சிசிலியனுக்குப் போனார், எந்த நகர்வுலேருந்து தடுமாறுறார், இதெல்லாம் மரம் மாதிரி கிளை விட்டு ஒரே திரையில தெரியணும். அப்புறம் அதே மாதிரி சிப்பாய் அமைப்பு வந்த கிராண்ட்மாஸ்டர் ஆட்டங்கள், குறிப்புகளோட. இதை ஒரு மணி நேரத்துல முடிச்சுட்டுத் தூங்கணும்.

ஸ்கிட்லயும் இதுல பாதி முடியும், மறுக்கல. ஆனா என் கோச் அனுப்புற கோப்பு எல்லாமே வணிக மென்பொருளோட வடிவத்துலதான் வருது. ஸ்கிட் அதைத் திறக்கவே திறக்காது. பத்து வருஷமா நான் எழுதி வச்ச குறிப்பும் அதே வடிவத்துலதான் இருக்கு.

பழையகணக்கு

மனு எழுதறதுக்கு முன்னாடி கொஞ்சம் பழைய கதை தெரிஞ்சிருந்தா நல்லது. "லினக்ஸுக்கு எதுவுமே விக்கல"ன்னு ஆரம்பிச்சீங்கன்னா முதல் வரியிலயே மடக்கிடுவாங்க.

இன்ஜின் பக்கம் இந்தச் சிக்கல் தீர்ந்து கால் நூற்றாண்டு ஆச்சு. 2000 நவம்பர்ல ருடால்ஃப் ஹூபரும் ஸ்டெஃபான் மேயர்-காலெனும் யூசிஐ நெறிமுறையை வெளியிட்டாங்க. இன்ஜின் தனி நிரல், பலகை தனி நிரல். பலகை ஒரு வரி அனுப்பும், இன்ஜின் ஒரு வரி பதில் சொல்லும், எல்லாம் வெறும் எழுத்து. ஜன்னல், பொத்தான், எழுத்துரு எதுவும் இன்ஜினுக்குத் தேவையில்லை. அதனால இன்ஜினை லினக்ஸுக்குக் கொண்டுபோறது பெரும்பாலும் மறுபடி கம்பைல் பண்ற வேலைதான். கொமோடோங்கிற இன்ஜினைக் காசுக்கு வித்தப்பவே விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுக்கும் பைனரி கொடுத்தாங்க. அதே மேயர்-காலெனோட ஷ்ரெடர் இன்னும் ஒரு படி மேல, பலகையோட சேர்த்தே லினக்ஸ் பதிப்பு வித்தாங்க. வணிக செஸ் மென்பொருள் லினக்ஸ்ல இருந்திருக்கு, நாமதான் வாங்கல.

செஸ்பேஸ்ங்கிற டேட்டாபேஸ் மென்பொருளோட கதை வேற. 1987-ல அது பிறந்தது விண்டோஸ்ல இல்லை, அடாரி எஸ்டி-யில. அப்புறம் டாஸ், அப்புறம் விண்டோஸ். அதனால இடம் மாறத் தெரியாதவங்கன்னு சொல்ல முடியாது. ஆள் கூட்டம் எங்க போச்சோ அங்க போனாங்க. மேக்குக்கே அவங்க டேட்டாபேஸ் நிரலோட நேரடிப் பதிப்பு கிடையாது. மேக் வச்சிருக்கவங்க காசு செலவழிக்கத் தயங்காதவங்கன்னு பேரு. அவங்களுக்கே கிடைக்காதது நமக்கு முதல்ல கிடைக்கும்னு எதிர்பார்க்கிறது கொஞ்சம் அதிகம்.

லோகி சாஃப்ட்வேர் ஞாபகம் இருக்கிறவங்க இருக்கீங்களா? 1998-ல ஆரம்பிச்சு, விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸுக்கு மாத்தி வித்த கம்பெனி. வேலை சுத்தமா இருந்துச்சு, வியாபாரம் நடக்கல. 2002-ல மூடிட்டாங்க. ஆனா அங்க வேலை பார்த்த சாம் லாண்டிங்கா எழுதின எஸ்டிஎல் நூலகம் இன்னிக்கும் எங்க பார்த்தாலும் இருக்கு. வித்த பொருள் போச்சு, கருவி நின்னுது. மனுவுல என்ன கேக்கணும்ங்கிறதுக்கு இதுல ஒரு குறிப்பு இருக்குன்னு நினைக்கிறேன்.

சிப்பாய்_ஏழாம்வரிசை

ஷ்ரெடர் லினக்ஸ் பதிப்பு நான் வாங்கினேன். "நாமதான் வாங்கல"ங்கிறதுல என்னைச் சேர்க்காதீங்க 😄

கோட்காரன்

டெஸ்க்டாப் நிரல்களை ஒரு இயங்குதளத்துலேருந்து இன்னொண்ணுக்கு மாத்துறதுதான் என் பிழைப்பு. வெளியிலேருந்து பாக்கிறவங்க இதை "கம்பைலரை மாத்தி ஓட்டினா முடிஞ்சுது"ன்னு நினைக்கிறாங்க. அப்படி முடியறது பழையகணக்கு சார் சொன்ன மாதிரி இன்ஜின் மட்டும்தான். அதுலகூட முள் இருக்கு. ஒரு சின்ன உதாரணம்: காய் குறைஞ்ச கடைசிக்கட்ட நிலைகளுக்கு விடை எழுதி வச்ச எண்ட்கேம் டேபிள்பேஸ் எங்க இருக்குன்னு ஸ்டாக்ஃபிஷ்கிட்ட சொல்ற வரி. ரெண்டு மூணு அடைவு இருந்தா விண்டோஸ்ல அரைப்புள்ளி போட்டுப் பிரிக்கணும், லினக்ஸ்ல முக்காற்புள்ளி. விண்டோஸ்ல 'சி டிரைவ்'ங்கிறப்பவே முக்காற்புள்ளி வந்துடுதே, அதனால அங்க அது ஆகாது. பலகை நிரல் எழுதினவர் அரைப்புள்ளியைக் கோட்லயே அடிச்சு வச்சிருந்தா, லினக்ஸ்ல டேபிள்பேஸ் கிடைக்காமப் போகும். பிழைச் செய்தி பெருசா எதுவும் வராது. எண்ட்கேம்ல இன்ஜின் சும்மா கணக்குப் போட்டுக்கிட்டே இருக்கும், பயனர் "லினக்ஸ்ல மெதுவா இருக்கு"ன்னு புகார் எழுதுவார்.

இன்ஜினுக்கே இந்தப் பாடு. டேட்டாபேஸ் நிரல்ல பாருங்க: முப்பரிமாணப் பலகை விண்டோஸோட வரைகலைக் கருவியான டைரக்ட்-எக்ஸை நம்பியிருக்கும். அச்சடிக்கிறது, கிளிப்போர்டு, இழுத்துப் போடறது, வீடியோ பாடம், ஆக்டிவேஷன், எல்லாமே விண்டோஸோட உள் கட்டளைகளை (ஏபிஐ) நேரா கூப்பிட்டுக்கிட்டிருக்கும். முப்பது வருஷமா ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கின கோடு. ஆரம்பத்துலேயே க்யூட்டி மாதிரி பொதுவான கருவியில எழுதியிருந்தா கதை வேற. இப்போ மாத்தறதுன்னா இடைமுகத்தைப் புதுசா எழுதற மாதிரிதான்.

சரி, எழுதியாச்சுன்னே வச்சுக்குவோம். எந்த லினக்ஸுக்குக் கொடுக்கிறது? லினக்ஸோட அடிப்படை நூலகமான ஜிலிப்சி-யோட புதுப் பதிப்புல கட்டின பைனரி, பழைய டிஸ்ட்ரோல (மின்ட், உபுண்டு மாதிரி லினக்ஸ் வகை) "இந்தப் பதிப்பு இல்லை"ன்னு சொல்லிட்டு எழுந்திரிக்கவே எழுந்திரிக்காது. அதுக்குத்தான் இருக்கிறதுலயே பழைய டிஸ்ட்ரோல கட்டுறோம், இல்லேன்னா ஃபிளாட்பேக், ஆப்இமேஜ்னு பொட்டலம் போடுறோம். திரையில ஜன்னலைக் காட்டுற அமைப்புலயும் எக்ஸ்11 ஒரு மாதிரி, வேலண்ட் ஒரு மாதிரி. தனியா ஒரு ஜன்னலைத் திரையில குறிப்பிட்ட இடத்துல நிறுத்தணும்னா வேலண்ட் விடாது. செஸ் நிரல்லயோ பலகை, நகர்வுப் பட்டியல், இன்ஜின், மரம்னு தனித்தனி ஜன்னல் வச்சு அடுக்கிப் பழகினவங்க நிறைய.

அதனால கம்பெனிக்காரன் பயப்படுறது எழுதற செலவுக்கு மட்டும் இல்லை. வித்ததுக்கப்புறம் வர்ற ஆதரவு மின்னஞ்சல்தான் பெரிய பயம்.

குதிரைச்சால்

நான் கனகாலமா வைனிலதான், அதாவது விண்டோஸ் நிரலை லினக்ஸில ஓட்டுற கருவியிலதான், ஓட்டுறன். நிலைமையைச் சொல்லுறன்.

வைன் 1993-ல தொடங்கின திட்டம். விளையாட்டுக் கம்பெனி வால்வ் 2018-ல வைனை வைச்சுச் செய்த புரோட்டானைக் கொண்டுவந்த பிறகு டைரக்ட்-எக்ஸ் பக்கம் நல்லா முன்னேறியிருக்கு. பழைய செஸ் நிரல்கள் பலதும் பெரிய சிக்கல் இல்லாமல் திறக்கும். புதுசு எண்டால் இன்ஸ்டாலரிலயே நிண்டுபோகும், இல்லாட்டி ஆக்டிவேஷனில நிண்டுபோகும், இல்லாட்டி எல்லாம் ஓடும், வீடியோ பாடம் மட்டும் கறுப்புப் பெட்டியா இருக்கும். நான் வாங்கின ஒண்டில அம்புக்குறி கீறினால் பழைய அம்பு அழியாமல் பலகையிலயே கிடக்குது. ஜன்னலைச் சின்னனாக்கிப் பெருசாக்கினால் போயிடும். இப்பிடி வாழப் பழகிட்டன்.

ஆனால் ஒரு விசயம் ஆக்கள் கவனிக்கிறேல்ல. முழு நிரலையும் வைனில போடத் தேவையில்லை. விண்டோஸுக்கு மட்டும் வந்த வணிக இன்ஜின் உங்களிட்ட இருந்தால் அதை மட்டும் வைனில ஓட்டி, லினக்ஸ் பலகையில பூட்டலாம். யூசிஐ வெறும் எழுத்துத்தானே, வைன் அதைத் தடுக்கிறேல்ல. ரெண்டு வரி ஷெல் ஸ்கிரிப்ட் காணும்: முதல் வரி வைனின்ர பிழைத்திருத்தச் செய்தியளை நிப்பாட்ட, ரெண்டாம் வரி வைனைக் கொண்டு எக்ஸி கோப்பை ஓட்ட. ஸ்கிரிப்டுக்கு இயக்க அனுமதி குடுத்திட்டு, பலகை நிரலிட்ட "இதுதான் இன்ஜின்" எண்டு காட்டிவிடுங்கோ.

முதல் வரியை விட்டிடாதேங்கோ. வைன் 'ஃபிக்ஸ்மீ' எண்டு புலம்பிக்கொண்டே இருக்கும், சில பலகை நிரலுகள் அதையும் இன்ஜின்ர பதில் எண்டு வாசிச்சுக் குழம்பும். மற்றது, வைன் முதல்தரம் எழும்பக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அதுக்குள்ள பலகை "இன்ஜின் பதில் தரேல்ல" எண்டு கைவிட்டிடும். வைன்சர்வரை முதலே நிரந்தரமா ஓடவிட்டால் அந்தப் பிரச்சினை இல்லை.

வேகம்? வைன் சிபியு-வைப் போலி செய்யிறேல்ல, அதே கட்டளையள் நேராத்தான் ஓடுது. யோசிக்கிற வேகத்தில எனக்கு வித்தியாசம் தெரியேல்ல.

கோட்காரன்

குதிரைச்சால் அண்ணா சொன்னதுல ஒரு ஒட்டு. அந்த எக்ஸி தன்னை விண்டோஸ்லதான் இருக்கிறதா நினைச்சுக்கும். அதனால டேபிள்பேஸ் பாதையை விண்டோஸ் மாதிரியே கொடுக்கணும். உங்க முழுக் கோப்பு மரமும் வைனுக்குள்ள இசட் டிரைவா தெரியும், அங்கிருந்து ஆரம்பிங்க. பிரிக்கிறதுக்கு அரைப்புள்ளி. லினக்ஸ்ல உக்காந்துக்கிட்டு லினக்ஸ் வழக்கப்படி கொடுத்தா வேலை செய்யாது.

டெர்மினல்தாசன்

இவ்வளவு கஷ்டப்பட்டு அந்த நிறுவனங்களுக்கே காசு கொடுக்கணுமா? ஸ்டாக்ஃபிஷ் விவகாரம் ஞாபகம் இல்லையா? இலவசமா எழுதினவங்க உழைப்பை எடுத்து, பேர் மாத்தி, விலை போட்டு வித்தாங்களே. நானா கையெழுத்துப் போடுறது?

பழையகணக்கு

தம்பி, கோபம் நியாயம். ஆனா நடந்ததை முழுசா சொல்லுங்க.

2021 பிப்ரவரியில செஸ்பேஸ் ஃபேட் ஃபிரிட்ஸ் 2-ங்கிற இன்ஜினை வெளியிட்டது. உள்ள இருந்தது ஸ்டாக்ஃபிஷ், நியூரல் வலை மட்டும் அவங்களோடது. ஸ்டாக்ஃபிஷ் மாதிரி ஜிபிஎல்ங்கிற கட்டற்ற உரிமத்துல இருக்கிற நிரலைக் காசுக்கு விக்கிறது தப்பே இல்லை, அதுக்கு அந்த உரிமமே இடம் கொடுக்குது. மூலநிரலைக் கொடுக்கணும், இது இன்ன உரிமத்துல வருதுன்னு வாங்குறவருக்குச் சொல்லணும். அதுலதான் பிணக்கு. அதே வருஷம் ஜூலையில ஸ்டாக்ஃபிஷ் தரப்பு மியூனிக்ல வழக்குப் போட்டாங்க. 2022 நவம்பர்ல சமரசம் ஆச்சு. ஸ்டாக்ஃபிஷ் அடங்கின பொருள்களை ஒரு வருஷம் விக்கிறதில்லைன்னும், கட்டற்ற மென்பொருள் உரிமங்களை ஒழுங்கா கடைப்பிடிக்கிறதைப் பாக்க நிறுவனத்துக்குள்ளயே ஒருத்தரை வைக்கிறதுன்னும் முடிவாச்சு.

நம்ம பேச்சுக்கு இது எங்க பொருந்துதுன்னா, மூடிய பலகை நிரலோட ஸ்டாக்ஃபிஷைத் தனி நிரலா சேர்த்துக் கொடுக்கிறது முறைப்படி செஞ்சா யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ரெண்டும் குழாய் வழியா பேசிக்கிற தனித்தனி நிரல்கள். லினக்ஸுக்குப் பொருள் போட நினைக்கிற கம்பெனி இன்ஜினுக்கு ஒரு காசு செலவழிக்க வேண்டாம், மூலநிரலையும் உரிமத்தையும் சேர்த்து வச்சாப் போதும்.

டெர்மினல்தாசன்

சரி. ஆனாலும் என் கையெழுத்து கிடையாது.

பலகைடீச்சர்

நான் பிள்ளைங்களுக்கு செஸ் சொல்லிக்கொடுக்கிறேன். எங்க வகுப்புல எல்லாம் லினக்ஸ் கணினிதான். இந்த இழையில எல்லாரும் ஒரு விஷயத்தைத் தாண்டிப் போறீங்க. வணிகச் செஸ் லினக்ஸுக்கு வந்தாச்சு, உலாவி வழியா. செஸ்.காம் உலாவியில ஓடுது, செஸ்பேஸோட இணையச் செயலிகளும் உலாவியிலதான் ஓடுது. பாடத்துக்கு நான் இலவசத் தளமான லிசெஸோட 'ஸ்டடி' பகுதியை வச்சிருக்கேன். பிள்ளை எந்தக் கணினியில உக்கார்ந்தாலும் பாடம் அங்கயே இருக்கும்.

வன்பொருள்லயும் அப்படித்தான். டிஜிடி கம்பெனியோட 'பை' கடிகாரம் பாத்திருக்கீங்களா? செஸ் கடிகாரத்துக்குள்ள ஒரு ராஸ்பெரி பை, அதுல பிகோசெஸ்ங்கிற கட்டற்ற நிரல். காசுக்கு விக்கிற லினக்ஸ் செஸ் பொருள்தானே அது? வாங்குறவருக்கு அதுல லினக்ஸ் இருக்கிறதே தெரியாது.

மின்னணுப் பலகையை லினக்ஸ்ல இணைக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. செருகினதும் பலகை தெரியுது, நிரல் மட்டும் "அனுமதி இல்லை"ன்னு சொல்லுதா? டெபியன், உபுண்டு வகையில உங்க பயனர் கணக்கை 'டயல்அவுட்' குழுவுல சேர்த்துட்டு, வெளியேறி மறுபடி உள்ள வாங்க. பலகை பழுதுன்னு திருப்பி அனுப்பிடாதீங்க.

யானைமுனை

டீச்சர், பாடத்துக்கு உலாவி சரி, ஒத்துக்கிறேன். போட்டித் தயாரிப்புக்கு எனக்கு ஒவ்வாது. போட்டி நடக்கிற இடத்துல இணையம் இருக்கும்னு நம்பி உக்கார முடியாது. அடுத்தது, நாளைக்கு ஆடப்போற புது நகர்வை அடுத்தவன் சர்வர்ல எழுதி வைக்க மனசு ஒப்பாது. யாரும் எட்டிப் பாக்க மாட்டாங்கன்னு தெரியும், இருந்தாலும்.

இன்னொண்ணு, ஒரு கோடி ஆட்டத்துக்கு மேல இருக்கிற டேட்டாபேஸ்ல சிப்பாய் அமைப்பைத் தேடணும்னா உள்ளூர் வட்டுதான் வேகம்.

பலகைடீச்சர்

அந்தப் பயம் என் பெரிய பிள்ளைங்களுக்கும் இருக்கு. ரகசியம்னா அவங்க நோட்டுலதான் எழுதறாங்க 🙂

சிப்பாய்_ஏழாம்வரிசை

கொஞ்சம் நில்லுங்க. இவ்வளவு பேசினதுல எனக்குத் தெரியறது இதுதான். இன்ஜின் இருக்கு. பலகை இருக்கு. பாடம் உலாவியில இருக்கு. ஆட்டங்களும் இருக்கு, லிசெஸ் மாசாமாசம் தன் ஆட்டங்களை முழுசா, யார் வேணா எப்படி வேணா பயன்படுத்துற உரிமத்துல கொட்டுது. சிசிஜி டேபிள்பேஸ் ஆறு காய் வரைக்கும் ஏறக்குறைய 150 ஜிபி, யாரும் இறக்கிக்கலாம். ஏழு காய்க்கு 17 டெராபைட்டை ஒட்டி வரும், அது வீட்டுக்காரங்களுக்கு இல்லை, விடுங்க. லினக்ஸ்ல இல்லாத ஒரே சாமான் அந்த மூடிய கோப்பு வடிவத்தைத் திறக்கிற சாவி. யானைமுனை அண்ணன் முதல்லயே சொன்னாரே, கோச் அனுப்புறதைத் திறக்க முடியலைன்னு. பிரச்சினையே அங்கதானே இருக்கு?

கோட்காரன்

அதேதான். சிபிஎச்-னு நாம சொல்ற செஸ்பேஸ் வடிவம் ஒரே கோப்பு இல்லை, ஒரு கோப்புக் குடும்பம். தலைப்பு ஒண்ணுல, நகர்வுகள் ஒண்ணுல, குறிப்புகள் ஒண்ணுல, வீரர் பெயர்கள் ஒண்ணுல. ஒண்ணு தொலைஞ்சாலும் மத்ததுக்கு மதிப்பு குறைஞ்சுடும். இது எல்லாருக்கும் பொதுவா வெளியிட்ட தரம் இல்லை. ஆர்வலர்கள் பைட் பைட்டா பாத்துத் தோண்டி எடுத்ததுதான் வெளியில இருக்கு. கட்டற்ற நிரல்கள்ல ஸ்கிட்-பி அதைப் படிச்சுக் காட்டுச்சு, அதாவது முடியாத காரியம் இல்லை. ஆனா செஸ்பேஸ் 17-ல புது வடிவம் ஒண்ணு வந்துச்சு, தோண்டறவங்க மறுபடி முதல்லேருந்து தோண்டணும்.

செஸ் நிரல்களுக்குப் பொதுவான எழுத்து வடிவமான பிஜிஎன்-ஆ மாத்திட்டா போதாதான்னு யாராவது கேப்பீங்க. நகர்வு போகும், கிளை போகும், எழுத்துக் குறிப்பு போகும். கட்டத்துக்கு வண்ணம், அம்புக்குறி இதெல்லாம் குறிப்புக்குள்ள சதவீதக் குறியோட ஒரு மரபா எழுதறாங்க, லிசெஸும் அதைப் புரிஞ்சுக்குது. பயிற்சிக் கேள்வி இருக்கு பாருங்க, "இங்க வெள்ளை என்ன ஆடணும், இத்தனை மதிப்பெண்"னு, அதுவும் ஒரு குறியா வெளிய வரும், ஆனா வேற நிரலுக்கு அது புரியாம வெறும் குப்பையா குறிப்புல நிக்கும். இணைச்சு வச்ச வீடியோ, ஒலி எல்லாம் போச்சு.

இன்னொரு சங்கடம் நம்மளைப் போலத் தமிழ்ல குறிப்பு எழுதறவங்களுக்கு. பிஜிஎன் தரம் 1990-கள்ல எழுதினது, அதுல சொல்லியிருக்கிற எழுத்துக் குறியீடு லத்தீன்-1. இன்னிக்கு எல்லாரும் யூடிஎஃப்-8-ல எழுதறாங்க, சில பழைய நிரல்கள் மட்டும் அதை லத்தீன்-1-னு நினைச்சுப் படிச்சு, தமிழ்க் குறிப்பு முழுக்கக் கோணல்மாணல் எழுத்தா கொட்டும். மாத்தினதும் மூலக் கோப்பை அழிச்சுடாதீங்க. ஒரு ஆட்டத்தைத் திறந்து குறிப்பைப் படிச்சுப் பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

குதிரைச்சால்

ஸ்கிட் பாவிக்கிறவைக்கு ஒண்டு. பழைய எஸ்ஐ4 வடிவத்தில ஒரு டேட்டாபேஸுக்கு 1.6 கோடிக்குக் கொஞ்சம் கூடத்தான் ஆட்டம் கொள்ளும். லிசெஸ் ஆட்டங்களைக் கொட்டப் போறியள் எண்டால் ஸ்கிட் 5-ன்ர புது வடிவத்தைப் பாருங்கோ.

யானைமுனை

அப்போ மனுவோட விஷயமே மாறுது. "முழு நிரலையும் லினக்ஸுக்குக் கொண்டுவாங்க"ன்னு கேட்டா கோட்காரன் சொன்ன காரணம் எல்லாம் சொல்லி மறுப்பாங்க. "உங்க கோப்பு வடிவத்தோட விளக்கத்தை வெளியிடுங்க, இல்லேன்னா படிக்க மட்டும் ஒரு சின்ன நூலகம் லினக்ஸுக்குக் கொடுங்க"ன்னு கேட்டா? ஜன்னல் இல்லை, வேலண்ட் இல்லை, டைரக்ட்-எக்ஸ் இல்லை.

டெர்மினல்தாசன்

எந்தக் கம்பெனி தன் பூட்டைத் தானே உடைக்கும்? கோப்பு மூடியிருக்கிறதாலதானே நீங்க வெளிய போக முடியாம இருக்கீங்க.

பழையகணக்கு

அப்படியும் பாக்கலாம். ஆனா அவங்க வருமானத்துல நிரல் ஒரு பங்குதான். வருஷா வருஷம் புதுப்பிக்கிற பெரிய டேட்டாபேஸ், அதுல கிராண்ட்மாஸ்டர்கள் குறிப்பு எழுதின லட்சத்துக்கும் மேல ஆட்டங்கள், திறப்புப் பாடங்கள், இதுதான் திரும்பத் திரும்ப விக்கிற சரக்கு. லினக்ஸ்காரன் அதை வாங்கினா திறக்க வழியில்லை, அதனால வாங்கவே மாட்டேங்கிறான். படிக்கிற நூலகம் ஒண்ணு இருந்தா அந்தச் சரக்கை நமக்கும் விக்கலாம். எழுதற வசதியை அவங்க நிரலுக்கே வச்சுக்கட்டும், யார் வேண்டாம்னா? மனுவுல நம்ம கஷ்டத்தை நாலு பக்கம் எழுதறதை விட, "இது வந்தா நாங்க இதை வாங்குவோம்"னு எழுதினா படிப்பாங்க.

அப்படி எழுதறதா இருந்தா, வாங்குவேன்னு சொல்றவங்க மட்டும் கையெழுத்துப் போடுங்க. இலவசமா கேக்கிற கூட்டம்னு ஒரு பேர் லினக்ஸுக்கு ஏற்கெனவே இருக்கு. தாசன் தம்பி போட வேண்டாம்.

டெர்மினல்தாசன்

😂 போடல ஐயா. ஆனா அந்த விளக்கம் வெளியில வந்தா, படிக்கிற நிரலை எழுத நான் வர்றேன். காசு வேண்டாம். ஜிபிஎல்-ல விடுவேன், அதுக்கு மட்டும் தடை சொல்லாதீங்க.

கோட்காரன்

ஜிபிஎல் வேண்டாம், நிபந்தனை குறைஞ்ச எம்ஐடி உரிமத்துல விடுங்க. இல்லேன்னா மூடிய பலகை நிரல் எழுதறவங்க அந்த நூலகத்தைச் சேர்க்க முடியாது. நமக்கு வேண்டியது அது எல்லா நிரல்லயும் நுழையறது.

டெர்மினல்தாசன்

அதுக்கு எல்ஜிபிஎல் போதுமே. நூலகத்தை மாத்தினா மாத்தினதைத் தரணும், நிரலை மூடி வச்சுக்கலாம்.

கோட்காரன்

எல்ஜிபிஎல் சரி. ஒத்துக்கிறேன்.

பலகைடீச்சர்

மனு போற வரைக்கும் காத்திருக்கணுமா? பழைய வடிவத்தை ஏற்கெனவே தோண்டி எடுத்திருக்காங்கன்னு நீங்களே சொன்னீங்க. அதை வச்சே ஆரம்பிக்கலாமே. என்கிட்ட பிள்ளைங்களோட வகுப்பு ஆட்டங்கள் அந்த வடிவத்துல நிறைய கிடக்கு.

யானைமுனை

மனு வரைவை நான் எழுதி இங்கயே போடுறேன். அரைப் பக்கம்தான். நிரலைக் கேக்கல, வடிவத்தைக் கேக்கிறோம்னு முதல் வரியிலயே வந்துடும். மேக் பயனர்கள் குழுக்கள்லயும் சுத்துக்கு விடலாம், அவங்களுக்கும் இதே குறைதான், எண்ணிக்கையும் கூடும். வாங்கத் தயாரா இருக்கிறவங்க "வாங்குவேன்"னு மட்டும் பதில் போடுங்க, காரணம் எழுத வேண்டாம்.

சிப்பாய்_ஏழாம்வரிசை

வாங்குவேன்.

குதிரைச்சால்

வாங்குவன். அம்புக்குறி அழியவேணும்.

கோட்காரன்

வாங்குவேன். டீச்சர், மாதிரிக் கோப்பு அனுப்புறதா இருந்தா பெரிய டேட்டாபேஸ் எதையும் அனுப்பாதீங்க, அடுத்தவங்க பதிப்புரிமை இருக்கும். பிள்ளைங்க ஆட்டம்னா பேரை மாத்திடுங்க. எனக்கு வேண்டியது ரொம்பச் சின்னது: புதுசா ஒரு டேட்டாபேஸ் உருவாக்கி, ஒரே ஒரு ஆட்டம், நாலு நகர்வு, ஒரு தமிழ்க் குறிப்பு, ஒரு அம்புக்குறி, ஒரு பயிற்சிக் கேள்வி. அப்புறம் அதே ஆட்டம் குறிப்பு இல்லாம இன்னொரு டேட்டாபேஸ்ல. ரெண்டுக்கும் எந்த பைட் மாறுதுன்னு பக்கத்துல வச்சுப் பாத்தா குறிப்பு எங்க உக்காருதுன்னு தெரிஞ்சுடும். அந்தப் பேர்ல இருக்கிற எல்லாக் கோப்பையும் சேர்த்து ஒரே ஜிப்பா அனுப்புங்க. ஒண்ணு விட்டுப்போனாலும் எனக்கு ஆகாது.